முழங்கால்கள் சேராத பிள்ளை: இடுப்புத் தசை இறுக்கமும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

(மக்தப் மதரஸா மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் வருகை, ஓதல், ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றியே பேசுவோம். இவ்வாண்டு ஒரு நோயைப் பற்றியும் அதற்கான அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் பேச எண்ணியுள்ளோம். மிம்பரில் நிற்பவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. இந்த விஷயத்தில் நம்மால் ஒரு பிள்ளைக்குத் தவறு நேர்ந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இவ்வாண்டுக் கூட்டத்தை நடத்த மனம் ஒப்பவில்லை.

நம் மக்தபில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். ஓதுவதில் கெட்டிக்காரன். ஆனால் தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்புக்கு வந்தால் அவனுடைய முழங்கால்கள் இரண்டும் அகன்று, பக்கத்தில் இருப்பவர்களை இடிக்கும். ஸஜ்தாவிலும் அப்படியே. ஸஃப்பில் அவனுக்கு இருபுறமும் நிற்கும் பிள்ளைகள் முறையிட்டார்கள். நாமும் பலமுறை சொல்லிப் பார்த்தோம். அவன் சேட்டை செய்கிறான் என்றே எண்ணினோம். ஒருநாள் பொறுமை இழந்து, நம் கைகளாலேயே அவனுடைய முழங்கால்களைச் சேர்த்து அழுத்தினோம். அவன் வாய் திறக்கவில்லை; கண்களில் நீர் முட்டியது. மறுநாள் முதல் மதரஸாவுக்கு வரவில்லை.

நான்காம் நாள் அவனுடைய தாயார் வந்தார். குறைகூற வரவில்லை, "ஹஜ்ரத், அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓடினால்கூடக் காலை அகட்டித்தான் ஓடுவான்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நம் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு வரும் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அவனைக் காட்டினோம். மருத்துவர் அவனை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தாயாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கைக்குழந்தையாக இருந்தபோது இவனுக்கு இடுப்பில் நிறைய ஊசி போட்டார்களா?"

நிறையத்தான் போட்டிருந்தார்கள். அடிக்கடி காய்ச்சல், சளி. ஒவ்வொரு முறையும் மூன்று நாள், ஐந்து நாள் என்று வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக ஊசி. அந்தத் தாய் அதை நன்றியோடுதான் நினைவுகூர்ந்தார்.

சகோதரர்களே! நம் பிட்டத்திலுள்ள பெரிய தசை ரப்பரைப் போன்று நீண்டு சுருங்கும் தன்மையுடையது. அதற்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி இறங்கும்போது, ஊசிமுனையால் ஏற்படும் காயத்தாலும் உள்ளே செல்லும் மருந்தின் காரத்தன்மையாலும் தசை நார்கள் சிதைகின்றன. சிதைந்த இடத்தில் மீண்டும் தசை வளராமல், தழும்பைப் போன்ற கெட்டியான நார்ப்பட்டை உண்டாகிறது. அந்தப் பட்டை நீளாது. பிள்ளையின் எலும்போ ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. ஆகவே ஊசி போட்ட காலத்தில் ஒன்றும் தெரியாமல், நடந்து ஓடித் திரியும் வயதிலும் பள்ளிக்கூட வயதிலும்தான் குறை வெளிப்படுகிறது. இடுப்பை மடக்கும்போதெல்லாம் அந்தப் பட்டை தொடையை வெளிப்பக்கம் இழுக்கிறது. முழங்கால்கள் தாமே அகல்கின்றன. பிள்ளை அகட்டி வைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஊசி போட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இது வருவதில்லை. தழும்பு எளிதில் தடிக்கும் உடல்வாகு உள்ளோருக்கு வாய்ப்பு அதிகம். ஊசியே போடாமல், பிறவியிலேயே இக்குறை அமைந்தவர்களும் சிலர் உண்டு.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சென்னையின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் டி.கே. சண்முகசுந்தரம் அவர்கள், ஊசியால் தசை இறுகிப்போன 169 பேரைத் தாமே பார்த்துச் சிகிச்சையளித்த அனுபவத்தை 1980-ஆம் ஆண்டிலேயே சர்வதேச மருத்துவ இதழில் எழுதியுள்ளார். உகாண்டா நாட்டின் கிழக்குப் பகுதியில், மலேரியாவுக்காகக் குழந்தைகளின் பிட்டத்தில் குயினைன் ஊசி போட்ட பழக்கத்தால் ஏராளமான பிள்ளைகள் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியாத நிலைக்கு ஆளானார்கள்.

எல்லா நாடுகளிலும் அதிகம் பாதிக்கப்பட்டது சீனா. அங்கே குழந்தைகளுக்குப் பென்சிலின் ஊசி போடும்போது வலி தெரியாமலிருக்க, 'பென்ஸைல் ஆல்கஹால்' என்ற திரவத்தில் மருந்தைக் கரைத்துப் போட்டார்கள். (பெயரில் ஆல்கஹால் என்று இருப்பதால் யாரும் மஸ்அலா கேட்டு வர வேண்டாம்; குடிக்கும் மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பிள்ளை அழக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த அந்தக் காரியம், தசையை மேலும் வேகமாகக் கெடுத்துவிட்டது. அந்நாட்டில் சில பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு ஒன்று முதல் இரண்டரை வரை இந்நோய் காணப்பட்டது. 2005-ஆம் ஆண்டு சீன அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அந்தத் திரவத்தைக் குழந்தைகளுக்குத் தசை ஊசியில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. நோயாளிகள் மிகுந்திருந்ததால் இதற்கான நவீன அறுவைச் சிகிச்சையில் மிகுந்த அனுபவம் பெற்றவர்களும் சீன மருத்துவர்களே.

இக்குறை ஏன் வீட்டில் தெரியவில்லை என்று நாம் பலநாள் யோசித்தோம். நம் வீடுகளில் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். சம்மணத்தில் முழங்கால்கள் அகன்றுதான் இருக்கும். ஆகவே அவனுக்கு அது சிரமமில்லை. நாற்காலியில் கால்மேல் கால் போடுவது இந்நோயாளிகளால் முடியாத காரியம். நாமோ, பெரியவர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போடாதே என்று சொல்லி வளர்க்கிறோம். முடியாதவனை அடக்கமான பிள்ளை என்று பாராட்டிவிடுகிறோம்! ஆக, இந்தக் குறை முதன்முதலில் வெளிப்படும் இடம் பெரும்பாலும் தொழுகையின் ஸஃப்பாகவே இருக்கிறது. பெற்றோரைவிட, ஆசிரியரைவிட, இமாமின் கண்ணில்தான் அது முதலில் பட வேண்டும். நம் கண்ணில் பட்டது, நமக்குப் புரியவில்லை.

வீட்டில் நீங்களே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. பிள்ளையின் பாதங்களையும் முழங்கால்களையும் சேர்த்து வைத்து, அப்படியே குந்தி உட்காரச் சொல்லுங்கள். இறுக்கம் உள்ள பிள்ளையால் முழங்கால்களைச் சேர்த்தபடி குந்த இயலாது; தவளையைப் போலக் கால்களை அகட்டித்தான் உட்காருவான். சிலர் பாதிவழியில் கால்களை அகட்டி, முழுதும் உட்கார்ந்தபின் சேர்த்துக்கொள்வார்கள். குந்தி எழும்போது இடுப்பின் வெளிப்பக்கத்தில் 'டக்' என்ற ஓசை எழலாம். நடக்கும்போது பாதங்கள் வெளிநோக்கித் திரும்பியிருக்கும். பிட்டத்தில் குழி விழுந்தாற்போல் தோல் உள்வாங்கியிருப்பதும் உண்டு. ஒருபுறம் மட்டும் பாதிப்பு அதிகமானால் இடுப்பு சாய்ந்து, ஒரு கால் குட்டையானது போலவும் தோன்றும். ஆனால் இவற்றை வைத்து நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். உடல் பருமன், குதிகால் நரம்பின் இறுக்கம், இடுப்பு மூட்டு எலும்பில் வரும் வேறு நோய்கள் ஆகியவற்றாலும் குந்த முடியாமல் போகலாம். எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, எலும்பு மருத்துவரே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். இறுக்கம் லேசாக இருந்தால் உடற்பயிற்சியால் ஓரளவு சமாளிக்கலாம். நன்கு இறுகிவிட்ட நார்ப்பட்டை தைலம் தேய்த்தோ, ஒத்தடம் கொடுத்தோ, இழுத்துக் கட்டியோ நீளாது. (இழுத்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி.) அதைக் கத்தரித்து விடுவிக்கத்தான் வேண்டும். முன்பெல்லாம் பிட்டத்தின் பக்கவாட்டில் நீளமாகக் கீறி, தசையைத் திறந்து, பட்டையை வெட்டினார்கள். அம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. நல்ல பலனும் தருகிறது. ஆனால் பெரிய தழும்பு, கூடுதல் வலி, நீண்ட நாள் படுக்கை ஆகியவை அதில் உண்டு. தழும்பு தடிக்கும் உடல்வாகாலேயே நோய்க்கு ஆளான ஒருவருக்கு மேலும் ஒரு நீண்ட தழும்பு என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது வந்திருக்கும் முறையில், இடுப்பின் வெளிப்பக்கம் தொடை எலும்பின் மேல்முனை புடைத்திருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துளைகள் மட்டும் போடுகிறார்கள். முழங்கால் மூட்டுக்குச் செய்யும் 'ஆர்த்ராஸ்கோப்பி' என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்; அதே கருவிதான். மயக்க மருந்து கொடுத்தபின், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எலும்பின் புடைப்பையும், கால் முழுவதற்கும் செல்லும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு ஓடும் பாதையையும் தோலின்மேல் மையால் வரைந்துகொள்கிறார்கள். ஒரு துளையின் வழியே பேனா போன்ற கேமரா செல்கிறது. உள்ளே உப்புநீரைச் செலுத்தி இடம் உண்டாக்குகிறார்கள். மற்றொரு துளையின் வழியே ரேடியோ அலையால் இயங்கும் மெல்லிய கோல் செல்கிறது. அது பட்டையை வெட்டும். வெட்டிய இடத்தில் இரத்தக் கசிவையும் அடைக்கும். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே, வெண்மையாகத் தெரியும் நார்ப்பட்டையைச் சிறிது சிறிதாக வெட்டுகிறார்.

இதில் நமக்கு வியப்பளித்தது ஒன்று. எவ்வளவு வெட்டுவது என்பதைக் கண்ணால் மட்டும் அவர்கள் முடிவு செய்வதில்லை. கொஞ்சம் வெட்டியதும், மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காலை மடக்கி, உட்புறமாகத் திருப்பி, மற்றக் காலின் பக்கம் கொண்டுவந்து பார்க்கிறார்கள். இன்னும் தடுக்கிறதா, 'டக்' என்கிறதா என்று கவனித்து, மீண்டும் கொஞ்சம் வெட்டுகிறார்கள். குறைவாக வெட்டினால் இறுக்கம் மீதமாகும். அளவுமீறி, நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் நடுத்தசையையும் சேர்த்து வெட்டிவிட்டால் பிள்ளை சாய்ந்து சாய்ந்து நடப்பான். நரம்பின் பக்கம் தவறிச் சென்றால் பாதமே செயலிழக்கும். ஆகவே துளை சிறியது என்பதால் காரியமும் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். இதில் பழக்கமுள்ள மருத்துவரையே நாட வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிடில், திறந்து செய்யும் பழைய முறையே மேல். கார்டோபாவில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவி, தம் 'தஸ்ரீஃப்' என்ற நூலின் முப்பதாவது பகுதியை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கி, கருவிகளின் படங்களையும் வரைந்துவைத்தார். அந்தத் துறையின் வழித்தோன்றல்களுக்கு அல்லாஹ் கேமராவையும் கொடுத்திருக்கிறான்.

அறுவை முடிந்தால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பெற்றோர் செய்யும் பெரும் பிழை. உள்ளே காயம் ஆறும்போது, வெட்டிய முனைகள் மீண்டும் ஒட்டி இறுகப் பார்க்கும். அதனால் அடுத்தடுத்த நாள்களிலேயே பிள்ளையை நடக்க வைக்கிறார்கள். சில இடங்களில் முதல் நாள் முழங்கால்களைச் சேர்த்துக் கட்டியும் வைக்கிறார்கள். பிறகு பயிற்சி: ஒரே கோட்டின் மீது அடிமேல் அடி வைத்து நடத்தல், கால்மேல் கால் போட்டு உட்காருதல், முழங்கால்களைச் சேர்த்துக் குந்தி எழுதல். இதை மாதக்கணக்கில், பிள்ளை அழுதாலும் விடாமல் செய்ய வேண்டும். நம் சிறுவனின் பாட்டி, "பாவம் பிள்ளை, விட்டுவிடு" என்று இரண்டு வாரம் பயிற்சியை நிறுத்திவிட்டார். மருத்துவர் கோபித்துக்கொண்ட பிறகே மீண்டும் தொடங்கினார்கள். கால்மேல் கால் போடும் பயிற்சி நடக்கும் வீட்டில், மரியாதை இல்லாமல் உட்காருகிறானே என்று விருந்தாளிகள் யாரும் சொல்லிவிடாதீர்கள்!

எந்த வயதில் செய்வது? எலும்பு வளர்ந்து, இடுப்பும் முதுகும் அந்தக் கோணலுக்குப் பழகிவிடும் முன்னர், பிள்ளைப் பருவத்திலேயே செய்வது நலம். பெரியவர்களுக்கும் செய்கிறார்கள், ஆனால் நீண்டகாலம் இறுகிய இடுப்பு முழுதும் நேராக நாளாகும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை சம்பந்தம் பேசும்போது குறை வந்துவிடும் என்று அஞ்சி இதை மறைக்காதீர்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு மறைவிடத்தை மருத்துவருக்குக் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாடுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிட வேண்டியதில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

இனி ஊசிப் பழக்கத்தைப் பற்றி. மருத்துவர் மாத்திரையோ சிரப்போ எழுதிக் கொடுத்தால், "ஊசி போடலையா டாக்டர்?" என்று கேட்பது யார்? நாம்தான். ஊசி போடாத மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லி அடுத்தவரிடம் போவதும் நாம்தான். வளரும் நாடுகளில் ஓராண்டில் சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிகிச்சைக்கானவை, பல தேவையே இல்லாதவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணக்கிட்டது. வாயால் மருந்து உட்கொள்ள முடிந்த குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலில் ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள். உண்மையிலேயே தேவையென்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தால் வேறு வழி உண்டா என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். "ஊசியால் கால் முடமாகும் என்று ஹஜ்ரத் சொன்னார்" என்று நாளை யாரும் தடுப்பூசிக்கு எதிராகப் பேசக் கூடாது. 2017-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்திகள் பரவின என்பதை நாம் மறக்கவில்லை. குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் கையின் மேற்பகுதியிலும் தொடையின் முன்பக்கவாட்டிலும், குறிப்பிட்ட வயதில், எண்ணிச் சில தடவைகள் மட்டுமே போடப்படுகின்றன, பிட்டத்தில் போடப்படுவதில்லை. நாம் பேசியது, நாள்தோறும் பிட்டத்தில் போடப்படும் சிகிச்சை ஊசிகளைப் பற்றி. தடுப்பூசி அட்டையில் உள்ள எதையும் தவறவிடாதீர்கள்.

இப்போது, நாம் செய்த தவறுக்கு மீண்டும் வருகிறோம். ஸஹீஹ் புகாரியில் ஒரு செய்தி உள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களின் மகனார், இளவயதினராக இருந்தும், தாமும் அவ்வாறே அமர்ந்தார். தந்தை அதைத் தடுத்து, வலப் பாதத்தை நட்டு இடக்காலை மடக்கி அமர்வதே சுன்னத் என்றார்கள். தாங்கள் மட்டும் அப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்டதற்கு, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று பதிலளித்தார்கள். இந்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். எப்படி அமர வேண்டும் என்பதற்கு ஆதாரமாக நடுப்பகுதியைச் சொல்வோம். கடைசிப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவோம். அந்தச் சிறுவனை வைத்துத்தான் கடைசிப் பகுதியை நாம் படித்தோம்.

கடைசி இருப்பு ஃபர்ளு. அதில் கால்களை எப்படி வைப்பது என்பது சுன்னத். ஹனஃபியும் ஷாஃபிஈயும் இதில் ஒன்றே. இயலாதவர் தமக்கு எப்படி இயலுமோ அப்படி அமரலாம். தொழுகையில் குறை வராது. மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அறுவை முடிந்து கட்டு போட்டிருக்கும் நாள்களில் தொழுகையை விட வேண்டியதில்லை. கட்டு இடுப்பில் இருப்பதால் உளூவுக்குத் தடையில்லை. கடமையான குளிப்பு ஏற்பட்டால் மட்டும் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுவனுக்குச் சென்ற ஆண்டு நகரத்து மருத்துவமனை ஒன்றில் இருபுறமும் ஒரே நேரத்தில் நுண்துளை முறையில் சிகிச்சை நடந்தது. செலவில் ஒரு பகுதியை நம் பைத்துல்மால் ஏற்றது. கணக்கு இந்த ஆண்டறிக்கையில் உள்ளது. முதல் சில வாரங்கள் நடையில் தள்ளாட்டம் இருந்தது. இப்போது முழங்கால்களைச் சேர்த்துக் குந்துகிறான். 'டக்' ஓசை இல்லை. அவன் மதரஸாவுக்குத் திரும்பிய நாளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மக்தப் ஆசிரியர்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்துள்ளோம்: தொழுகைப் பயிற்சியின்போது எந்தப் பிள்ளையின் கால்களையும் கையால் பிடித்து அழுத்தக் கூடாது. இருப்பிலோ ஸஜ்தாவிலோ சிரமப்படும் பிள்ளை இருந்தால், பெயரைக் குறித்து நம்மிடம் தர வேண்டும். பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுவோம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அஸர் தொழுகைக்குப் பின் எந்த நாளும் வந்து சொல்லலாம். மருத்துவரிடம் உடன்வர ஆள் தேவையென்றால் நிர்வாகிகளில் ஒருவர் வருவார். அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு எடுத்துவாருங்கள். எந்தச் சிகிச்சை அதில் சேரும் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிந்துகொள்ளலாம்.